மொட்டைக் கோபுரத்துக்கு மேலே

எங்கள் ஊர் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தை — அடிப்பாகம் மட்டும் கட்டி, ராஜாக்கள் காலத்திலேயே அம்போவென்று விட்டுவிட்ட அந்தத் தெற்குக் கோபுரத்தை — முழுசாக, உச்சியில் கலசத்தோடு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சிரிக்காதீர்கள். என் அத்திம்பேர் — அக்கா புருஷன் — பார்த்தார். ஒரு தடவை அல்ல.

அத்திம்பேர் பைலட். மெட்ராஸிலிருந்து திருச்சிக்கு டகோட்டா விமானம் ஓட்டுகிறவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெடிக்கல். டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ். பிரஷர் ஏறியிருந்தால் போச்சு. சரி, மாத்திரை போட்டு இறக்கிக்கொள்ளலாமே? அதுவும் கூடாது! நோய் இருந்தாலும் அவுட், மருந்து சாப்பிட்டாலும் அவுட். எந்தப் புண்ணியவான் எழுதிய ரூலோ...

அத்திம்பேர் துறையூருக்கு பஸ் ஏறினார். தன்னைத் தெரியாத ஒரு டாக்டரிடம் ஜவுளிக்கடைக்காரன் என்று புளுகிவிட்டுக் கையை நீட்டினார். பிரஷர் எக்கச்சக்கம். சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கிற மாத்திரையோடு திரும்பினார். ஷேவிங் பெட்டிக்குள் ஒளித்தார். என்னிடம் மட்டும் சொன்னார். காரணம், நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி!

பிரஷர் இறங்கியது. கூடவே பேச்சும் இறங்கியது. மூக்கு எப்போதும் அடைப்பு. சாப்பிடும்போதே கை பாதியில் நின்றுவிடும், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அப்படி நின்ற கையோடு சொன்னார்:

"கொள்ளிடம் தாண்டினதும் கோபுரம் தெரியறதுடா."

"எந்தக் கோபுரம்?"

"மொட்டைக் கோபுரம். இப்போ அது மொட்டையா இல்லை. என் பிளேன் உசரத்துக்கு நிக்கறது."

அக்கா ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏன்னா, இதையா இத்தனை நாள் மறைச்சேள்? பெருமாள் தரிசனம்னா இது!"

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அடுத்தாத்து மாமி வந்து நமஸ்காரம் பண்ணினாள். "கலசம் எத்தனை இருந்துது?"

"எண்ணலை மாமி. அதுக்குள்ள பிளேனைத் திருப்பிட்டேன்."

கூடியிருந்தவர்கள் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். 'திருப்பிட்டேன்' என்பது ஒருத்தர் காதிலும் விழவில்லை. உடம்பு சரியில்லை என்றால் ஆயிரம் கேள்வி கேட்கிற ஜனங்கள், கோபுரம் தெரிகிறது என்றால் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமோ?

மாடிக்கு இழுத்துப் போனேன். "அத்திம்பேர், அது மாத்திரை பண்ற வேலை. நிறுத்துங்கோ."

"நிறுத்தினா பிரஷர் ஏறும். அடுத்த வாரம் மெடிக்கல்."

"நிறுத்தலேன்னா?"

"கோபுரம் வரும். வந்தா என்னடா? நான்தான் சுத்திண்டு போயிடறேனே."

தெருவில் படுத்திருக்கிற மாட்டைச் சுற்றிப் போவது மாதிரி சொன்னார்.

மெடிக்கலுக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் அத்திம்பேர் கையில் பட்டையைச் சுற்றினார். ரப்பர் பல்பை அழுத்தினார். முகம் மலர்ந்தது.

"அட, காலேஜ் பையன் மாதிரில்ல இருக்கு! அப்படி என்னதாங்க சாப்பிடறீங்க, கேப்டன்?"

சும்மா கேட்ட ஜோக். பேனா மூடியைக் கழற்றிவிட்டார். நான் வாயைத் திறந்தால் அத்திம்பேர் பிழைப்பு போகும். திறக்காவிட்டால்...?

"மாத்திரை சாப்பிடறேன், டாக்டர்" என்றார் அத்திம்பேர்.

பேனா நின்றது. "ஏங்க, இதை எதுக்குச் சொன்னீங்க? கையெழுத்துப் போடப் போனேனே!"

"நேத்திக்கு மேகம் இறங்கியிருந்துது. தாழ வந்தேன். கோபுரம் வந்துது. இடது பக்கம் ஒதுங்கினேன்." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஒதுங்கின இடத்துல மலைக்கோட்டை இருந்துது, டாக்டர். அது நிஜம். உச்சிப் பிள்ளையார் கோயில்ல நின்ன ஒருத்தன் வாயைப் பொளந்தது தெரிஞ்சுது. பின்னாடி பாஸஞ்சர் எல்லாம் தூங்கிண்டிருந்தா."

டாக்டர் பேனாவை மூடினார்.

லைசென்ஸ் போயிற்று. அந்த மாத்திரையையும் டாக்டர் நிறுத்திவிட்டார். மூக்கு திறந்துவிட்டது, அத்திம்பேர் ரசம் இரண்டாம் தடவை கேட்கிறார். "உத்தியோகமும் போச்சு, தரிசனமும் போச்சு" என்று அக்கா பாத்திரங்களை உருட்டுகிறாள்.

அவர் இடத்துக்கு வந்திருப்பவர் பம்பாய்க்காரர். சின்ன வயசு. பயில்வான் உடம்பு, பிரஷர் கிடையாது, மாத்திரை கிடையாது. ஸ்ரீரங்கம் என்று ஒரு ஊர் இருப்பதே அவருக்குத் தெரியாதாம். பிளேன் வரும் நேரத்துக்கு அத்திம்பேர் தினம் மாடி ஏறிவிடுகிறார். "ஒரு நாள் நீயும் வந்து பாரு" என்றார்.

இதை அடிக்கிற டைப்ரைட்டரை மாடிக்கே தூக்கி வந்துவிட்டேன். நல்ல வெயில். துளி மேகம் இல்லை. டகோட்டா கொள்ளிடத்தைத் தாண்டிவிட்டது. மொட்டைக் கோபுரத்துக்கு நேராக வருகிறது. இடது பக்கம் ஒதுங்குகிறது.