அக்கா பக்கம் ஆக்ஸிலேட்டர் கிடையாது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் 'பிரேக்கு அக்கா'. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். அந்தப் பிரேக்கின் மேல் அவளுடைய வலது கால் எப்போதும் தயாராக நிற்கும். தெருக்கோடியில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தால் போதும், மிதித்துவிடுவாள். "அக்கா, அந்த நாய் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கலையே!" என்று ஓட்டுகிறவர்கள் அழாத குறையாகச் சொல்வார்கள். "அது யோசிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்க எனக்கென்ன பைத்தியமா? வண்டியை எடு" என்பாள்.

தயக்கம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். அவள் சொன்னது தப்பாகப் போனதாகச் சரித்திரமே இல்லை. போயிருந்தாலும் அவள் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. கணவர் தையல் கடை வைத்திருந்தார், எங்கே போனாலும் நடந்தே போவார். காரணம் கேட்டால், "அவ வண்டியில ஏறினா பத்திரமா போய்ச் சேர்ந்துடலாம். நடுவுல நான் ஒரு வார்த்தை பேச முடியாதே" என்பார்.

கடவுள் விஷயத்திலும் இதே கதைதான். வியாழக்கிழமை சாயங்காலம் சபையில் நடக்கும் வேதபாட வகுப்பில் அவளுக்கு முதல் வரிசையில் ஓரத்து நாற்காலி. "கர்த்தர் கையை மீறி உலகத்துல ஒண்ணும் நடக்காது. நல்லதும் சரி, கெட்டதும் சரி" என்பாள். அப்போ பாவம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கிளம்பினால், "அது நம்ம கைங்கரியம். அதைக் கொண்டுபோய் அவர் தலையில கட்டாதே" என்பாள். இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று மேற்கொண்டு கேட்டால், "நிக்குது, அவ்வளவுதான். நகரு, பின்னால ஆள் நிக்குது." போதகரே வாய் பொத்திச் சிரிப்பார்.

அவளுக்கு ஒரே தம்பி. நாற்காலி, கட்டில் விற்கும் பெரிய கடையில் மேலாளர். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். போன மழைக்காலத்தில் ஒரு விருந்து முடிந்து மனைவியோடு காரில் திரும்பும்போது ஏதோ உப்புப் பெறாத விஷயத்துக்கு இருவருக்கும் வாய்த்தகராறு. வளைவில் வண்டி கட்டுக்கடங்காமல் போய்ச் சாலை நடுச் சுவரில் மோதியது. அவனுக்குச் சிராய்ப்பு. அவளுக்குக் கால் எலும்பு முறிந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவி, "அழாதடா. கர்த்தர் கையை மீறி எதுவும் நடக்கல" என்றாள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி. வேறென்ன சொல்வாள்? அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அறுவை முடிந்து மனைவி கண் திறந்ததும் அவன் முதலில் சொன்னது, "எல்லாம் கர்த்தரோட சித்தம்மா." அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தாய் வீட்டுக்குப் போனவள் போனவள்தான். சமாதானம் பேசக் கிளம்பிப் போன அக்காவிடம், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"கர்த்தர் சித்தத்தைப் பத்தி நான் வாயே திறக்கல அண்ணி. மெதுவா போங்கன்னு சொன்னேன். கெஞ்சினேன். என்னைப் பயமுறுத்தணும்னே இன்னும் அழுத்தி மிதிச்சாரு. மழைங்கறாரு, ரோடுங்கறாரு, கர்த்தர்ங்கறாரு. எல்லாரையும் சொல்றாரு, தன்னை மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு. கால் உடைஞ்சதைக் கூட மறந்துடுவேன். இதை மறக்க முடியல."

வேலையில் வெளியூருக்கு மாற்றல் வாங்கிவிட்டாளாம். திங்கட்கிழமை கிளம்புகிறாள். "அதுக்குள்ள அவர் வாயால சொன்னா, மேற்கொண்டு பேசலாம். இல்லன்னா இத்தோட விட்டுடுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா பொருமிக்கொண்டே வந்தாள். தம்பி மேல் கோபம், அதைவிடத் தன் மேல் கோபம். அவன் ஒளிந்துகொண்டிருக்கும் வார்த்தை அவள் கொடுத்த வார்த்தையாயிற்றே! அதைத் திரும்பப் பிடுங்கவும் முடியாது, ஏனென்றால் அவள் அதை உயிருக்கு உயிராக நம்புகிறாள்.

அந்த வியாழக்கிழமை வகுப்பில் பாடம், முதல் பாவம். என்றைக்கும் வராத தம்பி அன்றைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பாதியில் எழுந்தான்.

"பாஸ்டர், எல்லாம் அவர் கையிலன்னா, பாம்பைத் தோட்டத்துக்குள்ள விட்டது யாரு?"

போதகர் மழுப்புகிற ஆள் இல்லை. "அவர் அனுமதிச்சாரு. ஆனா பாவத்தை அவர் உண்டாக்கல. அவர்கிட்ட இருட்டே கிடையாது. ஏன் அனுமதிச்சார்னு கேட்டீங்கன்னா, நமக்குச் சொல்லப்படல."

"தடுக்க முடிஞ்சவர் தடுக்கலன்னா, அவருக்கும் அதுல பங்கு இல்லையா?"

எல்லாத் தலைகளும் முதல் வரிசை ஓரத்து நாற்காலியைப் பார்த்தன. அக்கா குனிந்து வேதபுத்தகத்தைப் புரட்டினாள். ஆதித் தகப்பனும் பழத்தைத் தின்ற வாயைத் துடைத்துக்கொண்டே 'நீர் தந்த பெண்தானே கொடுத்தாள்' என்று இப்படித்தானே பழியைக் கர்த்தர் மேல் திருப்பினான் என்று நினைத்துக்கொண்டாள். வம்சம் அப்படியே இருக்கிறது.

விபத்துக்குப் பிறகு தம்பியின் லைசென்ஸை யாரும் பறிக்கவில்லை. ஆனால் தனியாக வண்டி எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் சனிக்கிழமைகளில் அக்காவின் பயிற்சி வண்டியில், முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டிக்கொண்டு, புதிதாகக் கற்பவன் மாதிரி ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தான். அந்தச் சனிக்கிழமை அவள் ஏறி உட்கார்ந்ததும், "உன் மாமியார் வீட்டுக்கு விடு" என்றாள்.

"எதுக்கு?"

"விடுடா."

இரண்டு நாளாக வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் ஒரு வாதத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். சிக்னல் தாண்டியதும் எடுத்துவிட்டாள். "இங்க பாரு. என் பக்கம் பிரேக் இருக்கு. நான் நினைச்சா நிறுத்தலாம். ஆனா என் பக்கம் ஆக்ஸிலேட்டர் கிடையாது. நிறுத்தாம விடறது வேற, மிதிக்கிறது வேற. புரியுதா?"

அவன் கியரை மாற்றினான். "அப்போ கர்த்தரால நிறுத்த மட்டும்தான் முடியுமா? ஓட்ட முடியாதா? சர்வ வல்லவர்னு சொன்ன?"

வாதம் அங்கேயே பஞ்சர். 'கடன்காரன், வகுப்பில் படிக்காததை எல்லாம் இங்கே வந்து படிக்கிறான்' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வெளியே பார்த்தாள்.

மாமியார் வீட்டுத் தெரு வந்தது. கேட் திறந்திருந்தது. உள்ளே திருப்பும்போது மாடி ஜன்னலில் அவன் மனைவி கைத்தடியோடு நிற்பது தெரிந்தது. அவன் பார்த்தான். அக்காவும் பார்த்தாள். ஐயோ, எப்படி இளைத்துவிட்டாள் என்று நினைத்தாள். மனைவியைப் பார்த்த பதற்றத்தில் அவன் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டான். வண்டி துள்ளிப்போய்க் கேட் தூணில் இடித்தது. விளக்கு நொறுங்கியது, தூண் மேலிருந்த பூந்தொட்டி பானெட்டில் விழுந்து மண்ணைக் கொட்டியது. நல்லவேளை, அவர்களுக்கு அடி இல்லை.

"நீ ஏன் பிரேக் மிதிக்கல?" என்று கத்தினான் தம்பி. "உன் காலுக்குக் கீழதானே இருந்துச்சு! தெருக்கோடி நாய்க்கெல்லாம் மிதிக்கிறவதானே நீ!"

அவளுக்குச் சாக்குக்கா பஞ்சம்? வெயில் கண்ணில் அடித்தது. கேட் குறுகல். அவன் திருப்பிய விதமே சரியில்லை. எல்லாம் உண்மையும்கூட. வாயைத் திறந்தாள். அந்த மூன்றையும் இவன் ஏற்கெனவே மழை, ரோடு, கர்த்தர் என்று வேறு பெயரில் சொல்லிக் கேட்டாயிற்றே என்று சுருக்கென்றது.

"மிதிச்சிருக்கணும்" என்றாள். "நான் ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தேன். என் தப்பு."

தம்பி அவளையே வெறித்துப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அக்காவின் வாயிலிருந்து அவன் கேட்டிராத சொற்கள் அவை.

"கர்த்தர் என்னை மாதிரி பராக்குப் பார்க்கிறவர் இல்ல" என்றாள், மண்ணையே பார்த்துக்கொண்டு. "அவர் ஏன் நிறுத்தலன்னு எனக்குத் தெரியாதுடா. நேர்ல பார்க்கும்போது கேட்கத்தான் போறேன். அவர் கையை மீறி எதுவும் நடக்காதுன்னு இன்னைக்கும் சொல்வேன், சாகும்போதும் சொல்வேன். அன்னைக்கு நீ உடைஞ்சு போயிருந்தே, உன்னைத் தாங்கிக்கத்தான் அதைக் கொடுத்தேன். நீ அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்ட."

சத்தம் கேட்டு மாமியார் வாசலுக்கு ஓடி வந்தார். அக்கா முதலில் இறங்கினாள். "அம்மா, இந்தத் தூணுக்கு நான்தான் பொறுப்பு. எல் போர்டு வண்டி இடிச்சா சொல்லிக்கொடுக்கிறவதான் முன்னால வந்து நிக்கணும். நானே கட்டித் தர்றேன்" என்றாள். மாமியார் தொட்டியைப் பார்ப்பதா தூணைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்.

அவருக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக, கைத்தடியை ஊன்றி, மனைவி இறங்கி வந்தாள். வண்டியைப் பார்த்தாள்.

"யார் ஓட்டினது?"

தம்பி இறங்கினான். "கேட் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான். தூணின் பக்கத்தில், தன் கால் படாத பெடலுக்காகவும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கும் அக்காவைப் பார்த்தான். நிறுத்திவிட்டான்.

"நான்தான்" என்றான். "அன்னைக்கும் நான்தான். நீ மெதுவா போங்கன்னு கெஞ்சின. உன்னைப் பயமுறுத்தணும்னுதான் மிதிச்சேன். மழை இல்ல. ரோடு இல்ல. கர்த்தர் இல்ல. நான்தான். என்னை மன்னிச்சிடு." சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால், குழந்தை மாதிரி அழுதான்.

அவள் கைத்தடியை ஊன்றி அவன் எதிரில் வந்து நின்றாள். பிறகு, "இதைச் சொல்ல இத்தனை மாசமா?" என்று கேட்டாள். "திங்கட்கிழமை நான் போறது போறதுதான். அது மாறாது."

அவன் தலையை ஆட்டினான்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீங்க கொண்டுபோய் விடுங்க" என்றாள். "இதே வண்டியில. அண்ணி உட்கார்ற சீட்டுல நான் உட்கார்றேன்."

திங்கட்கிழமை காலை அப்படியே போனார்கள். அவன் ஓட்டினான். பக்கத்தில் அவள், நல்ல கால் பிரேக்கின் மேல். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா பின் இருக்கையில், காலுக்குக் கீழே ஒரு பெடலும் இல்லாமல். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கால் தானாக வெறும் தரையை மிதித்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயம். அவர் கையில், அவர் கையில் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வண்டி ஊர்ந்தது. சைக்கிள்காரர்களெல்லாம் முந்திப் போனார்கள். பாதி வழியில் அவன் மனைவி மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். பிரேக்கின் மேலிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன். பஸ் போயிடப் போகுது."