அஸ்தமனத் தேதி

சட்டைகளை வாங்கியதும் லட்ரெல் அவற்றைக் கவுண்டர்மேல் விரித்து, அச்சிட்ட முகம் உள்பக்கம் போகும்படி திருப்பி மடிப்பான். மடிப்புக் கோடு கண்ணிலோ வாயிலோ விழக்கூடாது, காதுக்கு வெளியே விழ வேண்டும். அதற்காக ஒரே சட்டையை மூன்று முறைகூடப் பிரித்து மடிப்பான். பிறகு எல்லாவற்றையும் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போவான். மற்றப் பையன்கள் வாங்கிய கையோடு தலைவழியாக மாட்டிக்கொண்டு, பழைய சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடுவார்கள். இருபது வருஷத்தில் இவன் ஒருவன்தான் மடித்தான்.

ஓடெட் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளே தவிர, ஏன் என்று கேட்டதில்லை. பதினைந்து வயதில், முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டவள். பத்து வருஷம் ஓட்டல் துணிகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு, பிறகு விக் கடைக்கும் ஜாமீன் போடுகிறவரின் ஆபீசுக்கும் நடுவில் இந்தச் சிறிய கடையைப் பிடித்தாள். சாவுச் சட்டைதான் அவளுடைய பிழைப்பு. செத்தவனின் போட்டோ, பெயர், கீழே இரண்டு தேதிகள். பிறந்த நாளுக்கு உதயம் என்றும் இறந்த நாளுக்கு அஸ்தமனம் என்றும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பேச்சு அவளுக்கு வராது. எழுத்து சரியா, தேதி சரியா, எத்தனை சட்டை, அவ்வளவுதான் கேட்பாள்.

ரயில் பாதைக்குக் கீழே இருப்பது பள்ளம், மேலே இருப்பது மேடு. இரண்டிலும் ஒரே மாதிரி மரவீடுகள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் படித்தது ஒரே பள்ளிக்கூடம். சண்டை எதனால் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாவைச் சொல்வார்கள். ஓடெட் இரண்டு பக்கத்துக்கும் சட்டை போட்டாள். பள்ளத்துக்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை தயாராகும், மேட்டுக்காரர்களுக்கு வியாழக்கிழமை. இதை ஒரு விதியாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. எப்போது வரட்டும் என்று கேட்டால் அப்படிச் சொல்வாள். அந்தத் தெருவில் குண்டு படாத கண்ணாடி அவள் கடையுடையது மட்டும்தான்.

லட்ரெல் முதல்முறை வந்தது பதினான்கு வயதில், அண்ணன் ஜெர்மண்டின் சட்டைக்காக. ஒரு சனிக்கிழமைக் காலையில் அண்ணனும் தம்பியும் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேட்டுக்காரர்களின் வண்டி மெதுவாக வந்தது. ஜெர்மண்ட் தம்பியை வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டான், தள்ளிய கையிலேயே முதல் குண்டு பட்டது. இரண்டாவது தாடையைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் லட்ரெல் கார் துடைக்கும் துணியால் அண்ணனின் முகத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். சவப்பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். அதனால் அடக்கத்துக்கு வந்தவர்கள் ஜெர்மண்டின் முகத்தைச் சட்டைகளில் மட்டும்தான் பார்த்தார்கள்.

அதுவரை அவன் சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடியவன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு கூட்டாளி வீட்டில், துணி அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, ராப் பாட்டுப் பதிவுசெய்ய ஆரம்பித்தான். பழைய பாடகனைக் கிண்டல் செய்து பையன்கள் வைத்த 'சர்ச்' என்ற பெயரையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டான். அவனை ஊருக்கு வெளியே கொண்டுபோன பாட்டில் இரண்டு வரிகள் வரும்:

சோப்புத் தண்ணி செவப்பாச்சு, அண்ணன் காரு பாதியில நிக்குது,
மீதிய நான் வந்து கழுவுறேன், காத்திருங்கடா.

மேட்டுப் பையன்கள் இதற்குப் பதில் பாட்டுப் போட்டார்கள். ஜெர்மண்டின் தாடையைப் பற்றிச் சிரித்துப் பாடினார்கள். இவன் அதற்கு ஒரு பதில் போட்டான். ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் ஒரு வீட்டின்மீது குண்டு பாய்ந்தது. இரண்டு பக்கத்திலும் ஓடெட்டுக்கு வேலை வந்தது. லட்ரெல் ஐந்து கூட்டாளிகளின் சட்டைகளை அவளிடம் வாங்கி மடித்துக்கொண்டு போனான்.

பத்தொன்பது வயதில் போலீஸ் அவன் வண்டியை நிறுத்தியது. இருக்கைக்கு அடியில் கைத்துப்பாக்கி இருந்தது. கோர்ட்டில் அரசு வக்கீல் அந்தப் பாட்டை எடுத்து, மளிகைச் சீட்டைப் படிக்கிற குரலில் வரிவரியாகப் படித்தார்.

"மீதியக் கழுவுறேன்னு பாடியிருக்கீங்க. மீதின்னா என்ன அர்த்தம்?"

"காரோட பின்பக்கம் சார்," என்றான் லட்ரெல். பார்க்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. இரண்டு வருஷம் கொடுத்தார்.

உள்ளே மேட்டுப் பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். குளிக்கும் இடத்தில் வைத்து, காலுறைக்குள் பூட்டைப் போட்டுச் சுழற்றி அடித்தார்கள். இடது கண்ணிமை அதற்குப் பிறகு முழுதாகத் திறக்கவில்லை. ஆனால் அங்கிருந்துதான் அவன் பெரிய ஆளானான். ஜெயில் போனில் அவன் பாட, வெளியே கூட்டாளி போனை மைக்கில் வைத்துப் பிடித்தான். நடுநடுவே, இது கைதியின் அழைப்பு என்று ஒரு பெண் குரல் சொல்லும். அதை எடுக்காமல் அப்படியே விட்டார்கள். அட்லாண்டாவில் இருந்து ஒரு பாட்டுக் கம்பெனி ஆளனுப்பியது.

வெளியே வந்தபோது, எங்கே இருக்கிறான் என்று போலீசுக்குக் காட்டும் பட்டையைக் காலில் மாட்டி அனுப்பினார்கள். வேலைக்கும் சர்ச்சுக்கும் தவிர வீட்டைவிட்டு நகரக்கூடாது. கையில் மறுபடி துப்பாக்கி இருந்தால் பத்து வருஷம் என்று ஜட்ஜ் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பட்டைக்குத் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில், வேலை என்று சொல்லிவிட்டு, அவன் ஓடெட்டின் கடைக்கு வந்து, சட்டை அடிக்கும் பிரஸ் இருக்கும் சுவரோரம் நாற்காலி போட்டு, காலை நீட்டிப் பட்டையைப் பிளக்கில் சொருகிக்கொண்டு உட்காருவான். இப்போது அவள் அடித்தது அவனுடைய கச்சேரிச் சட்டைகள். அவற்றை அவன் மடிப்பதில்லை. கட்டாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வான்.

"இதுக்கு மடிப்பு கெடையாதா?" என்று ஒருமுறை அவளே கேட்டுவிட்டாள்.

"உயிரோட இருக்கறவன் மூஞ்சி கசங்கினா என்ன மிஸ் ஓடெட். நாளைக்கிப் போய்க் கழுவிக்கலாம்."

ஊர் மைதானத்தில் ஜூன் பத்தொன்பது, சனிக்கிழமை மத்தியானம், சொந்த ஊரில் அவனுடைய முதல் கச்சேரி என்று முடிவானது. வேலை என்று கோர்ட்டில் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை, மேட்டில் இருந்து கீயான் வந்தான். இருபது வயது. இவனும் பாட்டுப் போடுகிறவன்தான், ஆனால் அவன் பாட்டை மேட்டைத் தாண்டி யாரும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கடைக்குள் வருவான்.

"இருவது சட்டை மேம். போட்டோ போன்ல இருக்கு."

"பேரு?"

"லட்ரெல் பாட்டிஸ்ட்."

ஓடெட்டின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன.

"உதயம் உங்களுக்கே தெரியும் மேம், அவன் உங்க கடையிலதான குடியிருக்கான். அஸ்தமனம் பத்தொம்போது போடுங்க. அடுத்த சனிக்கெழம."

"அந்தப் புள்ள செத்துட்டானா?"

"இன்னும் இல்ல மேம்," என்றான் கீயான். சிரித்தான். முன்பல்லில் இருந்த தங்கம் தெரிந்தது.

முடியாது என்று யாரிடமும் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அவன் போன பிறகு படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிண்டலுக்குச் சட்டை போடுகிறானா, செய்யப்போவதைச் சொல்லிவிட்டுப் போகிறானா? இருபது வருஷமாக ஒரு பக்கத்துப் பேச்சை இன்னொரு பக்கத்துக்கு அவள் கொண்டுபோனதில்லை. கொண்டுபோனால் கடை இருக்காது, ஒருவேளை அவளும் இருக்க மாட்டாள். சொல்லாமல் விட்டு அவன் செத்தால் அந்தச் சட்டையையும் அவள்தான் அடிக்க வேண்டும், அதைத்தான் இப்போதே அடிக்கச் சொல்லிவிட்டானே. சொன்னால் அவன் துப்பாக்கி எடுப்பான். எடுத்தால் பத்து வருஷம். திங்கட்கிழமை இருபது சட்டையையும் அடித்து முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை அவன் காலைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்ததும், "சனிக்கெழம போகாத கண்ணு," என்றாள்.

"ஏன், உங்களுக்கு டிக்கெட் குடுக்கலையா எங்க ஆளுங்க?"

அவள் கவுண்டருக்கு அடியில் இருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்தாள். லட்ரெல் தேதியை விரலால் தடவினான்.

"ஜெயில்ல எடுத்த போட்டோ. இதவிட நல்லது ஒண்ணு கெடைக்கல அவனுங்களுக்கு. யாரு, கீயானா?"

இன்று செவ்வாய் என்பதும் இந்தச் சட்டை வியாழக்கிழமைக்கு உரியது என்பதும் அவனுக்குத் தெரியும்.

"போலீஸ்ல சொல்லேன்."

"என்னன்னு சொல்றது? ஒருத்தன் சட்ட அடிச்சிருக்கான்னா?"

"வீட்லயே இரு அப்போ."

"அட்லாண்டாலேர்ந்து ஆளுங்க வராங்க பாக்க. போகலன்னா சர்ச் ஒளிஞ்சிட்டான்னு அன்னிக்கே பாட்டு வந்துரும்."

"துப்பாக்கி மட்டும் தொடாத. பத்து வருஷம்னாரு ஜட்ஜ்."

"பத்து வருஷம் கழிச்சுன்னா வெளிய வரலாம்ல," என்றான் லட்ரெல். அந்தச் சட்டையைத் திருப்பி, தன் முகத்தை உள்ளே வைத்து, காதுக்கு வெளியே கோடு விழும்படி மடித்து, அவள் கையில் கொடுத்தான்.

சனிக்கிழமை ஓடெட் மைதானத்தில் இருந்தாள். மீன் வறுக்கிற வண்டிக்குப் பக்கத்தில் மேஜை போட்டு அவனுடைய கச்சேரிச் சட்டைகளை விற்றாள். மூன்று மணி வெயிலில் அவன் மேடைக்கு வந்தான். நான்காவது பாட்டு ஜெர்மண்டின் பாட்டு. அப்போதுதான் இடது பக்கமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் அடித்த சட்டைகள் வந்தன. இருபது மார்புகளில் ஒரே முகம், ஒரே தேதி. கீயான் முன்னால் வந்தான். வலது கையில் போனை உயரப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"சர்ச், இன்னைக்கித்தான்டா உனக்குக் காரியம். சாப்பாடு எங்க?"

இருபது பேரும் சிரித்தார்கள். கீயானின் இடது கை இடுப்புக்குப் போனது. மேடையில் நின்றவனுக்கு அது எப்படித் தெரிந்ததோ. பக்கவாட்டில் நின்ற ஓடெட்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: படம் நன்றாகத் தெரிய கீயான் தன் சட்டையின் கீழ்விளிம்பைப் பிடித்து இழுத்தான்.

லட்ரெல் மைக்கைப் போடவில்லை. ஒரு கையில் அது இருக்க, மறு கையால் இடுப்பில் இருந்த துப்பாக்கியை எடுத்து நான்கு முறை சுட்டான். சத்தம் ஒலிபெருக்கி வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது. முதல் குண்டு சட்டையில் இருந்த லட்ரெலின் நெற்றியிலேயே பாய்ந்தது. கீயான் யாரோ நாற்காலி போட்டதுபோலப் பின்னால் உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி ஓடினார்கள். மீன் வண்டி கவிழ்ந்து கொதிக்கிற எண்ணெய் ஒரு பெண்ணின் காலில் கொட்டியது. மேட்டுப் பையன்கள் லட்ரெலைக் காலைப் பிடித்து மேடையில் இருந்து இழுத்துப்போட்டு, மைக் கம்பியால் வாயிலேயே அடித்தார்கள். போலீஸ் அவர்களை விலக்கிவிட்டு அவன் முதுகில் முழங்காலை ஊன்றியபோது, அவன் துப்பிய பற்கள் புல்லில் கிடந்தன. அடித்தவர்களின் மார்பில் எல்லாம் அவன் முகம் இருந்தது. கீயானிடம் துப்பாக்கி இல்லை. அவன் போன் கீழே கிடந்து வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை கீயானின் அம்மா லூரீன் கடைக்கு வந்தாள். கிழமை பார்க்கும் நிலையில் அவள் இல்லை. பள்ளிக்கூட அங்கியில் அவன் சிரிக்கிற போட்டோவை நீட்டினாள்.

"அம்பது சட்ட வேணும் மிஸ் ஓடெட். பல்லு நல்லா தெரியட்டும். அந்தப் பல்லுக்காக என்னப் போட்டு அந்தப் பாடு படுத்தினான்."

அளவெல்லாம் சரியாக இருந்ததால் ஓடெட் கம்ப்யூட்டரில் லட்ரெல் சட்டையின் கோப்பையே திறந்தாள். போட்டோவை மாற்றினாள். பெயரை மாற்றினாள். உதயத்தை மாற்றினாள். அஸ்தமனத் தேதியைத் தொடவில்லை.

வழக்கு அடுத்த வருஷம் வந்தது. கொலை என்று தீர்ப்பானால் சாகும்வரை ஜெயில், வெளியே வர வழியே கிடையாது. கோபத்தில் செய்தது என்று ஜூரிகள் ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். லட்ரெலின் வக்கீல் ஓடெட்டைச் சாட்சியாகக் கூப்பிட்டார். அவள் வராவிட்டால் அந்தச் சட்டைக்கு அர்த்தம் சொல்ல வேறு ஆள் இல்லை. கூண்டில் ஏறினாள். எதிரே முதல் வரிசையில் லூரீன், கீயானின் சட்டையில். கோர்ட்டில் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்ததால் முகம் உள்பக்கம் இருந்தது.

"சத்தமாச் சொல்லுங்கம்மா," என்று ஜட்ஜ் இரண்டு முறை சொன்னார்.

"இன்னும் இல்ல மேம்னு சொன்னான்," என்றாள் ஓடெட்.

அரசு வக்கீல் எழுந்தார். "சொல்லும்போது அவன் சிரிச்சானா?"

"சிரிச்சான்."

"வெளையாட்டாச் சிரிச்சானா, மெரட்டற மாதிரியா?"

அவள் யோசித்தாள். லட்ரெல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிரட்டுகிற மாதிரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தங்கப்பல்லு தெரிஞ்சுது. நான் பாத்தது அவ்ளோதான்."

"நீங்க லட்ரெல்கிட்டச் சொன்னது எப்போ?"

"செவ்வாக்கெழம."

"நாலு நாள் யோசிச்சிருக்கான்," என்றார் அவர் ஜூரிகளைப் பார்த்து.

ஜூரிகள் இரண்டு நாள் உள்ளே இருந்தார்கள். கொலை இல்லை, கோபத்தில் செய்தது என்றார்கள். முப்பது வருஷம். அந்த வாரமே ஓடெட்டின் கடைக் கண்ணாடியை யாரோ சுட்டார்கள். எந்தப் பக்கத்துக்காரர்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

லட்ரெலுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. ஜெயிலில் சலவைப் பிரிவில் வேலை, துணி மடிக்கிறான். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. மைதானத்தில் பாதியில் நின்ற அந்தப் பாட்டை, குண்டுச் சத்தத்தோடு சேர்த்து, ஒரு கோடிப் பேருக்குமேல் கேட்டிருக்கிறார்கள். அவனை விடுதலை செய்யச் சொல்லும் சட்டைகள் ஓடெட்டின் கடையில் செவ்வாய்க்கிழமை தயாராகின்றன, கீயானின் நினைவுநாள் சட்டைகள் வியாழக்கிழமை. கண்ணாடிக்குப் பதில் பலகை அடித்திருக்கிறது. அடக்கம் செய்கிறவரின் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அவள் அஸ்தமனத் தேதி போடுவதில்லை.