வாழைக்கடியில் கருவாடு

யுத்த காலத்தில் என் தம்பி பர்மாப் பக்கம் பட்டாளத்தில் இருந்தான். நான் சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தேன். நாலு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. அவன் நல்லபடியாகத் திரும்பினால் கொல்லை வாழையின் முதல் தாரை மாதா கோயிலுக்குத் தருவதாக நேர்ந்துகொண்டேன். அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தபால்காரர் வரும் நேரம் வாசலில், மற்ற நேரமெல்லாம் வாழையடியில். அதுவோ குலை தள்ளுகிற வழியாக இல்லை.

வகுப்பில் தழைச்சத்துச் சுழற்சிக்குக் கரும்பலகையில் பெரிய வட்டம் போடுவேன். மண்ணிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து மாட்டுக்கு, செத்ததெல்லாம் மறுபடி மண்ணுக்கு என்று அம்புக்குறிகள். வீட்டுக்கு வந்தால் கொல்லையைப் பளிச்சென்று பெருக்கி, சருகையெல்லாம் கொளுத்துவேன். மண்ணுக்குச் சேர வேண்டியது புகையாகப் போகிறதே என்று இந்த மேதைக்கு உறைக்கவே இல்லை.

நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்காதான் சொன்னாள்.

"இன்னா டீச்சரம்மா, அல்லாத்தையும் கொளுத்திட்டா மரம் இன்னாத்த துன்னும்? மீன் கொடலு, செதிலு எத்துக்கினு வர்றேன். பொதச்சு வையி."

மறுநாளே கடல் கொந்தளித்தது. கட்டுமரம் போகவில்லை. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நாலாம் நாள், எல்லாம் மீன்தானே என்று ஒரு கூடை கருவாட்டுத் தலை வாங்கி வேரடியில் புதைத்தேன்.

பத்தே நாளில் இலை விளிம்பெல்லாம் கருகிவிட்டது. அக்கா பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உப்புல ஊறுனத போயி போட்டுக்கீறியே! கடலு அடங்குற வரிக்கும் பொறுக்கக் கூடாதா?"

வாழை செத்தது. தம்பிக்கும் ஏதோ ஆகிவிடும் என்று நான் நடுங்கினேன். விஞ்ஞானம் படித்தவள்தான், ஆனாலும் நடுங்கினேன்.

ஐப்பசி மழை உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. பக்கக் கன்று ஒன்று முளைத்தது. சருகைக் கொளுத்தாமல் அதன் அடியிலேயே போட்டுவந்தேன். அது குலை தள்ளுவதற்கு முன்பே தந்தி வந்துவிட்டது. தம்பியை அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.

கன்று பிறகு தள்ளிய தாரைக் கோயிலுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைக் கூடையில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷமும் வகுப்பில் வட்டம் போட்டேன். கடைசி அம்புக்குறி வந்ததும் கை நின்றுவிட்டது. முன் பெஞ்சுப் பெண் எழுந்து, "செத்தது மண்ணுக்குப் போகணும், டீச்சர்" என்று எடுத்துக்கொடுத்தாள்.

"தெரியும், உட்காரு" என்று சுள்ளென்று விழுந்தேன். பிறகு அந்த அம்பைப் போட்டேன்.