என் ரத்தப் பிரிவைக் கண்டுபிடித்த தர்ஷினி

இருபது வருடங்களுக்கும் மேலாக ஊரார் ரத்தத்தை எடுத்துப் பிழைப்பவன் நான். ஆனால் என் ரத்தத்தில் ஒரு சொட்டைப் பார்த்தால் போதும், காது அடைத்து, கண் இருட்டி, கிடைத்த இடத்தில் சாய்ந்துவிடுவேன். மற்றவர்கள் ரத்தம் என்றால் ஒன்றும் ஆகாது. காலையில் டியூப் டியூப்பாகப் பார்த்துவிட்டு நேராகப் போய் மெதுவடை தின்பேன். தன்னுயிர் போல மன்னுயிரையும் நினைக்கச் சொல்லும் நூல்களை அலமாரி நிறைய வாங்கிப் படித்தும், என் உடம்புக்கு அந்தப் பாடம் எட்டவில்லை.

எங்கள் ஊரில் சாரம் என்ற பகுதியில், ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். ஒருநாள் சர்க்கரை பார்க்க வந்த பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் (பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் அவரைப் பள்ளியில் எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள்) பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டே சொன்னார்:

"எங்க பொண்ணுங்களுக்கு சயின்ஸ்னா டாக்டர், விட்டா டீச்சர். நடுவுல இத்தனை பேர் உட்கார்ந்திருக்கீங்களே, அது ஒண்ணும் தெரியாது. வந்து காட்டுங்க. லெக்சர் வேணாம், அதுங்க கையாலயே செய்யணும்."

லெக்சர் வேண்டாம் என்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் போனோம். நானும் என்னோடு வேலை பார்க்கும் கவிதாவும் சில சனிக்கிழமைகளில் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போவது வழக்கமானது. வெங்காயத் தோலில் ஸ்டெயின் என்ற சாயம் போடுவது, தயிரில் கிருமி பார்ப்பது என்று போய், கடைசியில் பிளட் குரூப்பிங். மாணவிகள் யாரையும் குத்துவதில்லை என்பது எங்கள் விதி. கிளவுஸ் போட்டுக்கொண்டு அவர்கள் சோதிப்பார்கள், ரத்தம் எங்களுடையது. எங்களுடையது என்றால் எப்போதும் கவிதாவுடையது. நான் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வேன்.

கவிதா வராத சனிக்கிழமை

அன்று கவிதாவின் மகனுக்குக் காய்ச்சல். போனில், "இன்னைக்கு ஒரு நாள் நீங்களே குத்திக்கோங்க சார். கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார். என் மயக்கம் அவருக்குத் தெரியாது. சொல்லிக்கொள்ளும்படியான விஷயமா அது?

பள்ளிக்குப் போனால் லேப் வாசலில் மதாமுடன் ஒருவர் நின்றிருந்தார். ஏழுமலை, பாகூர்ப் பக்கம் விவசாயம், டவுனில் எலக்ட்ரீஷியன் வேலையும் உண்டு. கூடவே அவர் மகள் தர்ஷினி, அதே பள்ளியில் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். லேப் டெக்னாலஜி படிக்க ஆசை. விண்ணப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். அப்பா இன்னும் சரி சொல்லவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார் ஏழுமலை. "வீட்ல கோழி அறுத்தாலே இது பின்பக்கம் ஓடிடும். பாதியில பயந்துகிட்டு வந்துட்டா படிப்பு போச்சில்ல? பேசாம பி.காம் சேர்த்துடலாம்னு பார்க்கிறேன். அதான் ஒருவாட்டி நேர்ல பார்த்துட்டு முடிவு சொல்றேன்னு வந்தேன்."

"கோழி வேறப்பா, இது வேற" என்றாள் தர்ஷினி.

"கவலையே படாதீங்க" என்றேன் நான், பெரிய மனிதத் தோரணையில். "எங்க தொழில்ல ரத்தம்னா வெறும் சாம்பிள்தான். ஒரு வாரத்துல பழகிடும்."

மேசையில் வெள்ளை டைல். தர்ஷினி கிளவுஸ் போட்டுத் தயாராக நின்றாள். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தபடி விரலில் குத்தி, குத்துமதிப்பாக மூன்று சொட்டு விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சொட்டு சரியான இடத்தில் விழுந்ததா என்று குனிந்து பார்த்தேன்.

கண் விழித்தபோது தரையில் இருந்தேன். என் இரண்டு காலையும் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஏழுமலை.

"தர்ஷினி, சாருக்குத் தண்ணி குடு" என்றார் மதாம்.

"வேற யாரையாவது குடுக்கச் சொல்லுங்க மதாம். சொட்டு காஞ்சிடும்."

அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சொட்டிலும் ஏ, பி, டி என்று அதற்குரிய ஆன்டிசீரம் என்ற சோதனைத் திரவத்தை விட்டு, குச்சியால் கலக்கி, டைலை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ரத்தம் பால் திரிவதுபோலத் திரிந்தால் அந்தப் பிரிவு உண்டு, திரியாவிட்டால் இல்லை. மற்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏ-லயும் திரியுது, பி-லயும் திரியுது. அப்ப சார் ஏபி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். ஏழுமலையும் என் காலை விட்டுவிட்டுத் தட்டினார்.

நான் பி பாசிட்டிவ். அது எனக்குத் தெரியும். ஆனால் ஏழுமலை முகத்தில் அப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. திங்கட்கிழமையை நினைத்தேன். சரிம்மா, ஏபிதான் என்று சொல்லிவிட வாயெடுத்தேன்.

"தட்டாதீங்க" என்றாள் தர்ஷினி. "தப்பாயிடுச்சு. பி-யைக் கலக்கின குச்சியையே ஏ-லயும் விட்டுட்டேன். இது செல்லாது."

"ரிசல்ட்டுதான் வந்துடுச்சே. விடும்மா" என்றார் ஏழுமலை.

"எப்படிப்பா விடறது? இத நம்பி நாளைக்கு யாராவது இவருக்கு ரத்தம் ஏத்தினா என்னாகும்?"

ஏழுமலை தரையில் கிடந்த என்னைப் பார்த்தார். நாளைக்கே ஏற்ற வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சார், இன்னும் மூணு சொட்டு கிடைக்குமா? குத்த வேணாம், பிதுக்கினா வரும்."

என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஏழுமலை என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "இங்க பார்க்காதீங்க சார். அந்தா, கேட்டாண்ட ஆட்டோ நிக்குது பாருங்க. அதயே பாருங்க." நான் ஆட்டோவைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் சார், ஆ, அங்கதான்" என்று தர்ஷினி வழிசொல்ல, விரலைப் பிதுக்கினேன். இந்த முறை சொட்டுக்கு ஒரு குச்சி. ஏ திரியவில்லை, பி திரிந்தது, பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் டி-யும் திரிந்தது.

"பி பாசிட்டிவ்" என்றாள். யாரும் தட்டவில்லை. தட்டலாமா என்று தெரியாமல் அவளையே பார்த்தார்கள்.

தம்பி தங்கைகளுக்கு

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஸ்டெயின், கலர், மெஷின் எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கைதட்டலுக்கு நடுவே "இது செல்லாது, ரிப்பீட் பண்ணணும்" என்று சொல்வது பலருக்குக் கடைசிவரை வருவதில்லை. அன்று எனக்கே வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். லெக்சர் வேண்டாம் என்ற மதாமுக்கும், இத்தனை காலம் விரல் கொடுத்த கவிதாவுக்கும், என் காலைப் பிடித்த ஏழுமலைக்கும்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மதாம் போன் செய்தார். விண்ணப்பம் போட்டாயிற்றாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அவ தப்ப அவளே ஒத்துக்கிட்டாளே, அதைப் பார்த்துத்தானே அவ அப்பா மனசு மாறினாரு?" என்றேன்.

மதாம் கொஞ்சம் தயங்கினார்.

"அப்படித்தான் சார் நானும் கேட்டேன். அதுக்கு அவர், 'அதெல்லாம் இல்ல மதாம். அந்த சாராலயே இத்தனை வருஷம் லேப்ல வேலை பார்க்க முடியுதுன்னா, எம் பொண்ணு தாராளமா பார்க்கும்'னுட்டாரு."