மூக்குக்கு ஒரு ஒத்திகை

மேசையிலேயே கறியைச் சுட்டுச் சாப்பிடுகிற உணவகம் அது. மேசையின் நடுவே கேஸ் அடுப்பு பதிக்கப்பட்டிருந்தது. மெனு அட்டையை யாரும் தொடவில்லை. ஒருவர் கைகழுவும் இடத்துக்குப் போய் உள்ளங்கை நிறையச் சோப்பு நுரையோடு வந்தார், மேசைக்கடியில் நுழைந்தார், குழாய் மூட்டில் தடவினார். மற்ற மூவரும் தலையைக் கவிழ்த்து அதையே உற்றுப் பார்த்தார்கள்.

"சார், ஏதாவது கீழ விழுந்துடுச்சா?" என்று பதறி வந்தார் பரிமாறுபவர்.

"இல்லப்பா. குமிழி வருதான்னு பாக்குறோம்."

"குமிழியா?"

"வரல. நல்ல அடுப்புதான். நீ கறியைக் கொண்டா."

நால்வரும் கேஸ் கசிவு பார்க்கும் குழுவினர். கசிகிற மூட்டில் நுரை தடவினால் குமிழி எழும். தெருவில் செய்கிற வேலையைப் போகிற இடத்திலெல்லாம் செய்வார்கள். ஒரு கல்யாணத்தில் இப்படிச் சமையலறைக்குள் புகுந்து, பெண் வீட்டாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

நுரை தடவியவருக்குப் பட்டப்பெயர் பள்ளம். தோண்டுவது அவர் வேலை. கறியைக் கம்பியில் சீராக அடுக்கிக்கொண்டிருந்தவர் வண்டி ஓட்டுகிறவர். குழுத்தலைவியை எல்லோரும் அக்கா என்பார்கள், அவரைவிட மூத்த அதிகாரிகள் உட்பட. நான்காமவருக்காகத்தான் இந்த விருந்து. அவர் பெயர் மோப்பம். வீட்டில் வைத்த பெயர் வேறு, ஆனால் அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மனைவிகூட, "மோப்பம் வெளிய போயிருக்கார்" என்றுதான் போனில் சொல்வார்.

பெயர் சும்மா வரவில்லை. குழாயில் வரும் கேஸோடு, கசிந்தால் தெரியட்டும் என்று ஒரு நாற்றத்தைக் கலந்து விடுகிறார்கள். அளக்கக் கருவி இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதைத் தீர்மானித்தது இவர் மூக்கு. தெருமுனையில் தொப்பியைக் கழற்றுவார், முகவாயைத் தூக்குவார், கொஞ்ச தூரம் நடப்பார். "இங்க தோண்டு." பள்ளம் தோண்டுவார். அங்கேதான் இருக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு நாள் மோப்பம் அடுப்புக்குப் பக்கத்திலேயே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பால் கருகி, மாடியில் துணி உலர்த்திய மனைவி ஓடி வந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினார். திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மூக்குச் சோதனை. சின்னச் சின்ன பாட்டில்களை நீட்டுவார்கள், எதில் கேஸ் வாடை என்று சொல்ல வேண்டும். தேறாவிட்டால் தெருவில் முன்னால் நடக்க முடியாது, கிடங்குக்கு மாற்றல்.

"கிடங்குல யார்கிட்ட பேசுறது? ஸ்பேனர்கிட்டயா?" என்று இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காதான் வழி சொன்னார். "சுடுற கறி வாசனைக்கே எழுந்திருக்காத மூக்கு உண்டா? போய்ப் பாத்துடுவோம்."

அப்படித்தான் கைத்துடைப்பைக் கண்ணில் கட்டி அவரை உட்கார வைத்தார்கள். ஓட்டுநர் ஒரு கம்பியை அடுப்பில் வைத்தார். கறி சீறியது.

"கோழி," என்றார் மோப்பம்.

கோழிதான். அடுத்த கம்பி.

"காளான்."

பள்ளம் மேசையைத் தட்டினார். மூன்றாவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு, "அன்னாசி" என்றார். நான்காவதை வைத்த கை எடுப்பதற்குள், "மீன்!"

பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். "யோவ், திங்கட்கிழமை மூடியைத் திறக்காமலே சொல்லிடுவே போல!" என்று ஓட்டுநர் அவர் முதுகில் ஒன்று வைத்தார். கட்டுக்குக் கீழே மோப்பத்தின் வாயெல்லாம் பல்.

அக்கா மட்டும் கைதட்டவில்லை. மோப்பம் முகவாயைத் தூக்கவே இல்லை என்பதைக் கவனித்திருந்தார். தலை பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. வலது காது அடுப்பைப் பார்த்திருந்தது.

உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினார். வெந்த மீன் கம்பியை எடுத்து, சத்தமில்லாமல் அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார். ஆவி மீசையைத் தொட்டது.

மோப்பம் காத்திருந்தார்.

"என்ன, இன்னும் அடுப்புல வெக்கலையா?"

அக்கா கம்பியை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

"வெச்சாச்சா?"

"உன் மூக்குக்கு முன்னாடி இருக்கு," என்றார் அக்கா.

அவர் கட்டை அவிழ்த்து மீனைப் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது.

"அப்ப நாலையும் எப்படிய்யா சொன்னே?" பள்ளத்துக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"காதுல கேட்டேன். கோழில கொழுப்பு சொட்டும். சொட்டுக்கு ஒரு சீறல், அப்புறம் சும்மா இருக்கும். காளான் தண்ணி விட்டுக்கிட்டு முணுமுணுன்னே இருக்கும். அன்னாசி முதல்ல கம்முனு இருந்துட்டு, சர்க்கரை சூடானதும் படபடக்கும்."

"மீனு?"

"தட்டுல அது ஒண்ணுதான் பாக்கி."

ஓட்டுநருக்குப் புரை ஏறியது. சிரிப்பு அடங்கியதும் மோப்பம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏமாத்தணும்னு இல்லக்கா. நீங்கல்லாம் கைதட்டினப்ப, வந்துடுச்சோன்னு எனக்கே ஒரு சந்தேகம்."

அதன் பிறகு கைத்துடைப்பு ஆளுக்கு ஆள் மாறியது. ஓட்டுநர் குடைமிளகாயைக் கோழி என்றார். பள்ளம் எல்லாவற்றையும் மீன் என்றார், ஏதாவது ஒன்றாவது மீனாக இருக்கும் என்ற கணக்கில். பரிமாறுபவரும் ஒரு முறை கண்ணைக் கட்டிக்கொண்டு, வெறும் அடுப்பை இறால் என்றார்.

"கேஸ் சீறினாலும் எனக்குக் கேக்கும்ல?" மோப்பம் மெல்ல ஆரம்பித்தார்.

"சீறுற கேஸ் தெருவுக்கே கேக்கும். சீறாம கசியறதுக்குத்தான் உன் மூக்கு," என்றார் அக்கா. "அந்தச் சோதனை பாட்டில்லயும் சத்தம் வராது."

மோப்பம் ஒரு அன்னாசித் துண்டைக் கம்பியிலிருந்து உருவினார். நிதானமாக மென்றார்.

"சரி. சோதனை வேணாம். திங்கக்கிழமை நானே சொல்லிடுறேன், மூக்கு வேலை செய்யலன்னு." பிறகு மேசைக்கடியில் ஒரு பார்வை. "நுரை பாட்டில் பிடிக்க மூக்கு வேணுமாக்கா?"

அக்கா யோசித்தார். மூக்குச் சோதனை முன்னால் நடப்பவருக்குத்தான். நுரைக்காரர் பின்னால் வருகிறவர். குமிழி பார்க்கக் கண் போதும்.

"முன்னாடி நான் நடக்கிறேன். நீ நுரை. எழுதிக் குடு, நான் பேசிக்கிறேன். ஆபீஸ்ல ஒத்துக்கணும், அது வேற."

"அப்ப பேரை மாத்திடலாம். குமிழி!" என்றார் பள்ளம்.

"பேரை மட்டும் விட்டு வைங்கய்யா. என்னைக்காவது வாசனை திரும்பி வந்தா, அதுக்குத் தங்க ஒரு இடம் வேணும்ல."

பரிமாறுபவர் அடுத்த தட்டோடு வந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் அப்போதுதான் எழுந்து போயிருந்தார்கள். மோப்பமும் எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனார். திரும்பும்போது உள்ளங்கையில் நுரை.

"அவங்க அடுப்பையும் ஒரு தடவை பாத்துடட்டுமா, தம்பி?"