ராணி தண்ணீர் குடித்த நாள்

நோட்டீசில் என் பேருக்கு முன்னால் 'உதவித் தயாரிப்பாளர்' என்று போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் சினிமாவில் இருப்பதாக நினைத்து எங்கள் ஊர் சிலமலைக்குப் பொண்ணு கொடுக்க வந்தவர்கள்கூட உண்டு. உண்மையில் என் சோலி வேறு. நாடகம் நடக்கப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய், நடிகர்கள் எங்கே உட்காருவார்கள், என்ன சாப்பிடுவார்கள், எங்கே படுப்பார்கள், எங்கே ஒதுங்குவார்கள் என்று பார்த்து வைக்க வேண்டும். முதல் மூன்றைக் கேட்டால் விழாக் கமிட்டிக்காரர்கள் பதில் சொல்வார்கள். கடைசியைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆம்பளை நடிகர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மேடைக்குப் பின்னால் இருட்டு இருந்தால் போதும். பொம்பளை நடிகர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மத்தியானச் சோற்றோடு வாயை நனைப்பதுதான். அதற்கப்புறம் பட்டுச்சேலை, ஒட்டியாணம், சவுரி எல்லாம் கட்டிக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் வேர்த்து ஊற்ற ஊற்றப் பாடுவார்கள். சோடா கொடுத்தால் உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். பார்க்கிற ஜனம் ராணி எவ்வளவு நாசூக்கு என்று நினைக்கும். பக்கத்தில் நிற்கிற நான் நாடகம் முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள். ஜீப்பு கிளம்பாதோ, மைக் பேசாதோ, மழை வருமோ என்று எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டே இருக்கிறவன்.

எங்கள் முதலாளிக்குப் போடியில் மாடியில் ஆபீஸ். கோயில் திருவிழா, கடை திறப்பு, எஸ்டேட் ஆண்டுவிழா எதுவானாலும் நாடகம் போட்டுக் கொடுப்பார். மூன்று மணி நேர நாடகம், நடுவில் மசாலாப்பொடி விளம்பரம். நோட்டீசில் ராஜா ராணி படத்தைவிடக் கைகூப்பி நிற்கிற அவர் படம்தான் பெரிசாக இருக்கும்.

ராணி வேஷம் போடுகிற அக்கா மதுரைப் பக்கத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். போன திருவிழா சீசனில் மேடையிலேயே சுருண்டு விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வருசக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி, உள்ளே கல்லும் புண்ணுமாக இருந்திருக்கிறது. இனியும் இப்படி இருந்தால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்சம் தேறியதும், போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட் விழாவுக்கு முதலாளி கூப்பிட்டார். அக்கா தோளில் தண்ணீர் பாட்டிலோடு ஆபீசுக்கு வந்தார்.

"மொதலாளி, வர்றேன். ஆனா இனிமே நான் தண்ணி குடிப்பேன். குடிச்சா போகணும். கதவு உள்ள எடமா இருக்கணும். இல்லேன்னா இப்பவே சொல்லிருங்க."

"என்ன ஆத்தா இப்படிக் கேட்டுட்ட? எஸ்டேட்டு பங்களாவே ஒனக்குத்தான். டைல்ஸ் போட்ட பாத்ரூமு. சுடுதண்ணி வேற."

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்பு, நீ பாத்தியா?"

"இன்னும் பாக்கலக்கா. அன்னைக்கு முன்னாடியே போயிப் பாத்துருவேன்."

அவர் போனதும் கேட்டேன். "பங்களாவுல பேசிட்டீங்களாண்ணே?"

"பேசிக்கலாம்டா. எட்டாங்கிளாசு தாண்டாத பய, கலெக்டரு மாதிரி கேள்வி கேக்குறான்."

நான் ஒன்பதாவது பாதியில் நின்றவன். எட்டைத் தாண்டினேன் என்று சொல்லத் தோன்றியது.

நாடகத்தன்று காலையில் மைக் செட்டோடும் துணிப்பெட்டியோடும் ஜீப்பில் ஏறினேன். முதலாளியின் டிரைவர் ஒரு கறுப்புக் கேரிபேக்கைக் கொடுத்து, "அண்ணே குடுத்தாரு, பத்திரமா வச்சுக்கிரணுமாம்" என்றான். மலை ஏறும்வரை அதைத் தொடவில்லை. வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு கையும் போதவில்லை. போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது பிரித்துப் பார்த்தேன். பெரியவர்களுக்குக் கட்டுகிற டயப்பர். பாக்கெட்டில் நரைத்த தலையோடு ஒரு புருசன் பொண்டாட்டி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"முன்னெச்சரிக்கைடா மாப்ளே. பங்களா கெடைக்கலேன்னா அதக் குடு. வெளிநாட்டுல எல்லாம் இதான்."

"நீங்களே அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே."

"பொம்பளகிட்ட இத நான் எப்படிரா பேசுறது? அசிங்கமா இருக்காது?"

போனை வைத்துவிட்டார். அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், அதற்குள் போனில் சிக்னல் போய்விட்டது. கையை மேலே தூக்கி ரோட்டோரமாக அங்கும் இங்கும் நடந்தேன். "என்னண்ணே, ஆரத்தி எடுக்குறீக?" என்றான் ஜீப்புக்காரன்.

எஸ்டேட்டில் மேக்கப் போட எங்களுக்கு ஏலக்காய் ஸ்டோரைக் கொடுத்திருந்தார்கள். காய் உலர்த்துகிற சூடும் வாசனையுமாக நன்றாகவே இருந்தது. அதன் பின்பக்கம்தான் வேலையாட்களுக்கான கக்கூஸ். கதவு இல்லை. கதவுக்குப் பதில் போன வருச நாடகத்தின் பிளெக்சைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முதலாளி கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். விலக்கினேன். பீங்கான் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அடைத்துக்கொண்டு, நிரம்பி, வாசல்வரை வழிந்து, அதன்மேல் யாரோ சாம்பலைக் கொட்டியிருந்தார்கள். சாம்பலுக்கு மேலும் போயிருந்தார்கள். பச்சை ஈ மொய்த்தது. நான் மூக்கைப் பொத்தவில்லை, வாயைத்தான் பொத்தினேன்.

அங்கிருந்து பங்களாவுக்கு ஓடினேன். மேனேஜர் வராந்தாவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நம்ம பக்கத்து ஆள்தான். மலையிலேயே இருந்து பாதி மலையாளமாகிவிட்டார். விசயத்தைச் சொன்னேன்.

"அய்யோ, அது நடக்கில்ல. ஓனர் வந்தா தங்குற ரூமாக்கும். நாடகக்காரங்க கேறினா பின்ன ஓனர் எப்படி அதுல குளிக்கிறது?"

"ஒரே ஒரு அக்காதாங்க சார். ஒடம்புக்கு முடியாதவங்க."

"எஸ்டேட்ல இத்தன பொண்ணுக வேல செய்யுதே. அதுகளுக்கு என்ன பங்களாவா?" வெட்டிய நகத்தை என் பக்கமாக ஊதிவிட்டார். பிறகு குரலை இறக்கி, "ராணி எப்ப வந்து எத்தும்? எனக்கு ஒரு போட்டோ எடுக்கணும். சாயாவுக்கு இங்க கூட்டிட்டு வா. வராந்தா மதி" என்றார். உள்ளே வேண்டாம், வராந்தாவே போதுமாம்.

சாயங்காலத்துக்கு முன்பே அக்காவும் மற்ற நடிகர்களும் வந்த ஜீப்பு ஏறி வந்தது. மலையில் குளிருக்கும் யானைக்கும் பயந்து, பொழுது சாயும்போதே நாடகத்தை ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா இறங்கும்போதே சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தோளில் தொங்கிய பாட்டில் காலி.

"எங்கப்பு? வெரசாச் சொல்லு. வளைவுல ஒவ்வொரு தூக்குக்கும் உசுரு போயிருச்சு."

நான் பங்களா கிடைக்காததைச் சொன்னேன். ஸ்டோருக்குப் பின்பக்கம் போனார். பிளெக்சை விலக்கிய கையை உடனே உதறிக்கொண்டு திரும்பினார். ஏலக்காய்ச் செடிகளுக்குள் போகலாமென்றால், ஆட்டக்காரியைப் பார்க்க ஸ்டோரைச் சுற்றிலும் ஆம்பளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப்பேர் கையில் போன்.

ஸ்டோருக்குள் வந்ததும் வேறு வழி தெரியாமல் கேரிபேக்கை நீட்டினேன். அக்கா பாக்கெட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஆரு யோசனை?"

"மொதலாளி…"

"ரெண்டு பேரு படம் போட்டுருக்கே. இந்தப் பொம்பள நான்னா, ஆம்பள உங்க மொதலாளியா? அவருக்கு என்ன சைசுன்னு கேட்டு வச்சுக்க."

பக்கத்தில் பவுடர் அடித்துக்கொண்டிருந்த பபூன் சிரித்து இருமினார். அக்கா சிரிக்கவில்லை.

"உள்ள புண்ணோட கெடக்கேன். ஈரத்தக் கட்டிக்கிட்டு மூணு மணி நேரம் நிக்கச் சொல்றாரு. டைல்சு, சுடுதண்ணின்னு சொன்ன வாயி." பாக்கெட்டை என் கையிலேயே திருப்பிப் போட்டார். "ஒன்னச் சொல்லி என்ன. கண்ணாடியக் கொண்டா."

வேஷம் போட்டார். பூசிய பவுடர் பூசப் பூச வேர்வையில் வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே பொட்டு வைத்தார். விழுந்துவிடுவாரோ, இங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை வளைவு என்று நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாடகம் ஆரம்பித்தது. மைதானத்தில் ஒரு பக்கம் ஆம்பளைகள், ஒரு பக்கம் தலையில் துண்டு கட்டிய பொம்பளைகள். முன்வரிசையில் மேனேஜர். எங்கள் கதையில் ராணியைக் காட்டுக்கு விரட்டிவிடுவார்கள். அங்கே வேடனாக வருகிற பபூன், "இந்தக் காட்டுல ஒனக்கு என்ன கொறை ராணி?" என்று கேட்பார். அந்த இடத்துக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. ராணி அந்தந்த ஊருக்குத் தகுந்த மாதிரி கொசுக்கடி, மாமியார் என்று எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். அன்றைக்கும் பபூன் கேட்டார்.

அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள ஏதாவது தேவைப்பட்டிருக்கும்.

"வேடா, காடு நல்ல காடுதான். நான் தண்ணி குடிச்சுட்டு வந்துட்டேன். ஒதுங்க ஒரு எடம் இல்ல."

ஆம்பளைகள் பக்கம் விசில் பறந்தது. பபூன் வெகுகால ஆள், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"என்ன ராணி, அந்தா ஒரு பங்களா தெரியுதுல்ல?"

"தெரியுது. பூட்டியிருக்கு."

"உள்ள ஆரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்ல."

"ஆளே இல்லாத வீட்டுல பாத்ரூமு ஆருக்கு? பேய் போகுமோ?"

பொம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்களுக்கும் அந்தக் கொறைதான் ராணி! விடியமின்ன காட்டுக்குள்ள போறோம், அட்டை ஏறுது!"

"அட்டை பரவால்ல, இந்தப் பயலுக டார்ச் அடிக்கிறானுகள்ல!" என்றது இன்னொரு குரல். மொத்தப் பொம்பளைகளும் சிரித்தார்கள். விசில் அடித்தவர்கள் கீழே குனிந்தார்கள்.

"அப்ப நான் இப்படியே நிக்கிறேன்" என்றார் அக்கா. "கதவு தொறந்தா கதை நகரும்." ஆர்மோனியக்காரர் ஒரே கட்டையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விழாக் கமிட்டித் தலைவர் ஓடிப்போய் மேனேஜர் காதில் பேசினார். மேனேஜர் மேடையேறி மைக்கை வாங்கினார். தான் கலையை மதிக்கிற ஆள் என்றும், கலைக்காக எஸ்டேட் பங்களாவையே திறந்துவிடுவதாகவும் சொன்னார். கைதட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்து, "சால்வையக் கொண்டாப்பா!" என்று கத்தினார். வழக்கமாகப் பெரிய மனுசர்களுக்குப் போடுகிற சால்வை பெட்டியில் தயாராக இருந்தது. நானே போய் மேனேஜருக்குப் போட்டேன். ஜரிகை தெரியவில்லை, இன்னொரு தடவை போடு என்றார். போட்டேன். ராணியும் பக்கத்தில் நிற்கட்டும் என்றார். முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு அக்கா அவர் பக்கத்தில் நின்றார். மூன்று போன்களில் படம் எடுக்கும்வரை நின்றார். அந்த ஆளின் தோளில் சால்வையைச் சரிசெய்த என் கையை எங்கே துடைப்பதென்று தெரியவில்லை.

வாட்ச்மேன் சாவி எடுத்து வர, நான் டார்ச்சோடு அக்காவைக் கூட்டிப் போனேன். நீண்ட நேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எரியுது அப்பு. தண்ணி வச்சிருக்கியா?"

கொடுத்தேன். பாட்டிலில் இருந்ததையெல்லாம் நின்ற இடத்திலேயே குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு மேடைக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் பாட்டு கேட்டது.

நானும் கிளம்பினேன். வாட்ச்மேன் ஒரு பினாயில் பாட்டிலையும் விளக்குமாற்றையும் என் கையில் திணித்தார். "மேனேஜரு சொல்லிட்டாரு. நல்லா கழுவுனதுக்கு அப்புறந்தான் பூட்டணுமாம்."

உள்ளே போனேன். நீல டைல்ஸ். அக்கா தண்ணீர் ஊற்றிவிட்ட ஈரத்தைத் தவிர ஒன்றுமில்லை. சோப்பு உறை பிரிக்காமல் இருந்தது. ஒருத்தரும் உபயோகிக்காத இடத்தில் ஒருத்தர் ஒரு தடவை போய்விட்டார் என்று அரை பாட்டில் பினாயில். ஸ்டோருக்குப் பின்னால் சாம்பல் தூவி வைத்திருக்கிற இதே ஆட்கள்தான். எனக்குக் குமட்டியது. பினாயிலால் குமட்டவில்லை.

பாத்ரூமின் பின்கதவில் மெதுவாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தேன். லயத்து வீடுகளில் குடியிருக்கிற எஸ்டேட் பொம்பளைகள் நாலைந்து பேர். முன்னால் நின்ற பிள்ளை நிறைமாசம்.

"அண்ணே, கதவு தொறந்துருக்குன்னு ராணியம்மா சொன்னாக."

மேனேஜர், முதலாளி, கமிட்டித் தலைவர் என்று கண்முன்னால் வரிசையாக முகம் முகமாக வந்தது. முன்வாசலில் வாட்ச்மேன் பீடி பற்ற வைக்கிற சத்தம் கேட்டது. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அந்தப் பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். வெளியே நின்று வெறும் சிமிண்டுத் தரையைச் சத்தமாகத் தேய்த்தேன்.

"இன்னும் முடியலையாப்பா?" வாட்ச்மேன் முன்பக்கமிருந்து கேட்டார்.

"இல்லண்ணே. வாடை போகமாட்டேங்குது."

"இன்னும் கொஞ்சம் பினாயில ஊத்து."

ஊற்றினேன். ஒருத்தி வெளியே வர அடுத்தவள் போனாள். மைக்கில் ராணி காட்டில் அழுதுகொண்டிருந்தாள். பின்வாசல் வரிசை ஏலக்காய்ச் செடி வரைக்கும் நீண்டுவிட்டது. ஒரு பாத்ரூமை எவ்வளவு நேரம்தான் கழுவ முடியும் என்ற கவலையில், பினாயில் பாட்டிலில் மிச்சமிருந்ததில் தண்ணீரைக் கலந்தேன்.