கண்ணில் படாத புடவை

என் மனைவி வங்கி வேலையை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் புடவை விற்கத் தொடங்கியபோது, விளம்பர வாசகங்களை நான் எழுதித் தருவதாக வலியப் போய்ச் சொன்னேன். வீடு கொள்ளாமல் புத்தகம் வாங்கிச் சேர்த்தவன் ஒரு நாளாவது பயன்பட வேண்டாமா?

முதலில் எடுத்து வந்த மூன்று புடவைகளையும் சனிக்கிழமைக்குள் திருப்பித் தந்தால் எடுத்துக்கொள்வதாகத் தி. நகர் மொத்தக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் ஒன்றுகூட விற்காவிட்டால் வியாபாரத்தையே விட்டுவிடுவதென்று மனைவி முடிவு செய்திருந்தாள்.

கைவசம் இருந்த ஆங்கிலத்தை எல்லாம் இறக்கினேன். பச்சைப் புடவை ‘ஸ்டன்னிங்’. மாம்பழ மஞ்சள் ‘டாஸ்லிங்’. வாடாமல்லி நிறத்துக்கு ‘ஐ-கேட்சிங்’ போதாதென்று ‘ஹெட்-டர்னிங்’கையும் சேர்த்தேன். அபிராமபுரத்தில் எந்தத் தலையும் எதற்கும் திரும்பி நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

குழுவில் எல்லோரும் படித்தார்கள். யாரும் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாடி வீட்டு மாமி இறங்கி வந்தார். மருமகளுக்குச் சீமந்தம்; சாயங்காலம் அவள் கட்டிக்கொள்ள ஒரு புடவை வேண்டும். வாடாமல்லியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“புடவை நன்னாத்தான் இருக்கு. ஆனா எல்லார் கண்ணும் இது மேலதான்னு நீங்களே எழுதிட்டேளே! வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு. இப்பவே தெனம் ஆத்துல திருஷ்டி சுத்திப் போட்டுண்டிருக்கேன்.”

“அது சும்மா விளம்பரம் மாமி,” என்றேன்.

“அது இன்னும் மோசம். ஊரையே கூப்பிட்டுக் கண்ணு போடச் சொல்றேள்.”

மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. எழுத மாட்டேன்.

“அவர் கெடக்கறார் மாமி. பார்டர் சின்னதுதான். லேசா இருக்கும், எவ்வளவு நேரம் உக்காந்தாலும் பொண்ணுக்கு மூச்சு முட்டாது,” என்றாள்.

மாமி மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “முந்தானை ஓரத்துல துளி மை வெச்சுட்டா சரியாப் போயிடும்.”

புதுப் புடவையில் மையா என்று நான் பதறுவதற்குள் அது மாடிக்குப் போய்விட்டது.

என் வர்ணனைகளை அழித்துவிட்டு, ‘லேசானது, உறுத்தாது, சின்ன பார்டர்’ என்று மனைவி போட்டாள். இருட்டுவதற்குள் பச்சையும் மஞ்சளும் போயின.

மறுநாள் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். “என்னம்மா, திருப்பித் தர வந்தீங்களா?”

“இல்லைங்க. இதே மாதிரி சாதுவா இன்னும் கொஞ்சம் காட்டுங்க. இவர் தூக்கிக்கிட்டு வருவார்.”